புரூக்வுட் மையவாடியில் மூவர்

ஓவியர் எம்.எஃப். உசேன் 2011 ஜூன் 9 அன்று லண்டன் மருத்துவமனையொன்றில் காலமானபோது அவர் கத்தார் நாட்டுக் குடிமகன். அவர் கடைசியாகக் கையிலெடுத்த பெருந்திட்டங்களில் ஒன்றும் கத்தாருக்கானது. உடல் தோஹாவுக்கும் போகவில்லை, மும்பைக்கும் வரவில்லை. மறுநாளே லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்தில் உள்ள புரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. குவைத் பத்திரிகைகளின் வழியே அரபுலகம் முழுவதும் அறிந்த கேலிச்சித்திரக்காரர் நாஜி அல்-அலி, 1987 முதலே அதே தோட்டத்தில் இருந்தார். 2016இல் கட்டிடக் கலைஞர் ஸாஹா ஹதீத் அங்கே வந்து சேர்ந்தார். அபுதாபித் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஷேக் ஸாயித் பாலத்தை வடிவமைத்தவர் அவர்.

மூவரில் ஒருவர்கூட வளைகுடாவில் பிறக்கவில்லை. அங்கே இறக்கவும் இல்லை. ஆனால் இவர்களை விட்டுவிட்டு வளைகுடாவின் ஓவியத்தையோ பத்திரிகையையோ கட்டிடக்கலையையோ எழுத முடியாது. கடந்த அரை நூற்றாண்டு வளைகுடாப் பண்பாட்டை ஆக்கியதில் வெளியிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. வேலை அங்கே நின்றது, ஆள் நிற்கவில்லை. அந்தப் பிரிவு எப்படி நடந்தது என்பதை இந்த மூன்று கல்லறைகளை வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஸ்வீடனை எடுத்துக்கொள்வோம். ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் 1920இல் இறந்து, தான் பிறந்து வீடு கட்டி வாழ்ந்த மோரா ஊரிலேயே அடக்கமானார். தன் வீட்டையும் பிள்ளைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டிப் புகழ்பெற்ற கார்ல் லார்சன், 1919இல் சுண்ட்போர்ன் கிராமத் தேவாலய முற்றத்தில் புதைக்கப்பட்டார். அந்த ஓவியங்களில் வருகிற வீடு அதே கிராமத்தில்தான் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளர் செல்மா லாகர்லாஃப், 1940இல் தன் பூர்விக வீட்டுக்கு அருகிலுள்ள ஓஸ்ட்ரா ஆம்டர்விக் தேவாலயத்தில். வீடும் கல்லறையும் நடந்து போகும் தூரத்துக்குள். இவர்களுக்கு இது இயல்பாக அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் மேற்காசியாவில் பலருக்கு அப்படி அமையவில்லை.

புரூக்வுட் தோட்டமே தங்கள் ஊரில் இடம் கிடைக்காதவர்களுக்காக எழுந்தது என்று சொல்லலாம். 1840களின் காலரா சாவுகளில் லண்டன் தேவாலய முற்றங்கள் நிரம்பி வழிந்தன. 1852இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் லண்டன் நெக்ரோபொலிஸ் கம்பெனி உருவானது. 1854 நவம்பரில் தோட்டம் திறக்கப்பட்டது. பிணங்களுக்கென்றே வாட்டர்லூ பக்கத்தில் தனி ரயில் நிலையம். சவப்பெட்டிகளும் துக்கம் காக்கிறவர்களும் ஒரே ரயிலில், ஆனால் வகுப்புப் பிரித்து, மதம் பிரித்து அனுப்பப்பட்டார்கள். 1941இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அந்த நிலையம் சிதைந்தபின் ரயில் சேவை நின்றுபோனது. அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட், எழுத்தாளர் ரெபெக்கா வெஸ்ட் என்று கலைஞர் கூட்டம் ஒன்றே அங்கு இருக்கிறது. மட்பாண்டக் கலைஞரும் நாவலாசிரியருமான வில்லியம் டி மார்கனுக்கு, ஓவியரான அவர் மனைவி எவிலினே கல்லறைக் கல்லை வடிவமைத்தார். இரண்டாண்டு கழித்து அவரும் அதே இடத்துக்குப் போனார்.

நம் பக்கத்துப் பெயர்களும் குறைவில்லை. பார்சிகளுக்கென ஒதுக்கிய பகுதியில் ஜாம்ஷெட்ஜி டாட்டா இருக்கிறார். 1904இல் ஜெர்மனியில் இறந்தவரை இங்கே கொண்டுவந்தார்கள். முஸ்லிம்களுக்கான பகுதி, மொழியறிஞர் லைட்னர் அருகிலுள்ள வோக்கிங்கில் கீழைத்தேயக் கல்வி நிலையம் தொடங்கிய காலத்தில் உருவானது. போபால் பேகம் ஷாஜஹான் கொடுத்த பணத்தில் 1889இல் வோக்கிங்கில் பள்ளிவாசல் எழுந்தது. குர்ஆனை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த இரண்டு பெரும் பெயர்கள் அந்த மையவாடியில் உண்டு. ஒருவர் நாவலாசிரியர் மர்மடியூக் பிக்தால். ஹைதராபாத் நிஜாமின் ஆதரவில் தன் மொழிபெயர்ப்பை முடித்து, 1936இல் இறந்தவர். மற்றவர் அப்துல்லா யூசுப் அலி. பம்பாயின் போரா வணிகக் குடும்பத்தில் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாகி, கடைசியில் 1953 டிசம்பரில் லண்டன் தெருவில் ஆதரவற்ற முதியவராகக் கண்டெடுக்கப்பட்டு இறந்தவர். 1980களில் சவூதி அரசின் மதீனா அச்சகம் அவர் மொழிபெயர்ப்பைத் திருத்தி அச்சிட்டு உலகெங்கும் இலவசமாகக் கொடுத்தது. குளிரில் அனாதையாகச் செத்தவரின் உழைப்பு, வளைகுடாவின் எண்ணெய்ப் பணத்தில் எத்தனையோ வீடுகளின் அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

நாஜி அல்-அலிக்கு வருவோம். 1930களின் பிற்பகுதியில் பாலஸ்தீனத்தின் கலிலேயாவில், அல்-ஷஜரா என்ற கிராமத்தில் பிறந்தார். 1948இல் ஊரே விரட்டப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. குடும்பம் தெற்கு லெபனானின் ஐன் அல்-ஹில்வே அகதி முகாமுக்குப் போனது. அவருடைய முதல் சித்திரங்கள் முகாமின் சுவர்களிலும் சிறைச் சுவரிலும் வரைந்தவை. எழுத்தாளர் கஸ்ஸான் கனஃபானி முகாமுக்கு வந்தபோது அவற்றைப் பார்த்து, 1961இல் பத்திரிகையில் வெளியிட்டார். 1963இல் நாஜி பிழைப்புக்காகக் குவைத் போனார்.

குவைத்தில் அவருக்குக் கிடைத்தது சம்பளம் மட்டுமல்ல. அன்றைய அரபு நாடுகளில் ஓரளவு வாய்திறந்து பேசக்கூடிய பத்திரிகை உலகம் பெய்ரூட்டுக்கு அடுத்தபடியாகக் குவைத்தில்தான் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமும் இருந்தது. பிழைக்க வந்த பாலஸ்தீன ஆசிரியர்கள், பொறியாளர்கள், எழுத்தாளர்கள் அங்கே பெருந்தொகையாக இருந்தார்கள். அந்தச் சூழலில், 1969 ஜூலை 13 அன்று 'அல்-ஸியாஸா' நாளிதழில் ஹன்ழலா என்ற சித்திரச் சிறுவன் பிறந்தான். ஒட்டுப்போட்ட சட்டை, காலில் செருப்பில்லை, முள்ளாகக் குத்திட்டு நிற்கும் தலைமுடி. நாஜி ஊரைவிட்டு வெளியேறிய வயதுதான் அவனுக்கும். 1973க்குப் பிறகு அவன் வாசகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி நிற்கத் தொடங்கினான். படத்தில் என்ன நடந்தாலும் அவன் பார்த்துக்கொண்டே நிற்பான். வாசகனும் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே பார்க்க வேண்டியிருக்கும். ஊர் திரும்பும் நாளில்தான் அவன் வளர்வான் என்று நாஜி சொல்லிவந்தார்.

இன்று பாலஸ்தீனத்தின் சுவர்களிலும் உலகெங்கும் நடக்கும் ஊர்வலங்களிலும் காண்கிற அந்தச் சிறுவன் வளைகுடாவில் பிறந்தவன் என்பது பலருக்கும் தெரியாது. குவைத்தே அதைப் போதுமான அளவு சொல்லிக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம்.

1974இல் நாஜி லெபனானுக்குத் திரும்பி 'அஸ்-ஸஃபீர்' நாளிதழில் வரைந்தார். 1982 இஸ்ரேலியப் படையெடுப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, 1983இல் மறுபடி குவைத்துக்கு, 'அல்-கபஸ்' நாளிதழுக்கு வந்தார். அவர் பேனா யாரையும் விட்டுவைக்கவில்லை. இஸ்ரேல், அமெரிக்கா, அரபு மன்னர்கள், எண்ணெய்ப் பணத்தில் ஊதிப்போன முதலாளிகள், பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைமை என எல்லோருமே அவருக்குக் குறிதான். 1985இல் குவைத் அவரை வெளியேற்றியது. லண்டனுக்குப் போய் 'அல்-கபஸ்' இதழின் சர்வதேசப் பதிப்பில் வேலையைத் தொடர்ந்தார். நாடு துரத்தியது, அந்நாட்டுப் பத்திரிகை இடம் கொடுத்தது. இந்த இரட்டை நிலையைப் புரிந்துகொள்ளாமல் வளைகுடாவின் பேச்சுரிமை வரலாற்றை எழுதப் புகுந்தால் அரைகுறையாகத்தான் முடியும்.

1987 ஜூலை 22 அன்று செல்சியில், அலுவலக வாசலுக்கு அருகே தலையில் சுடப்பட்டார். ஐந்து வாரம் நினைவு திரும்பாமலே கிடந்து ஆகஸ்ட் 29இல் உயிர் பிரிந்தது. 2017இல் லண்டன் போலீஸ் வழக்கை மீண்டும் கையிலெடுத்தது. கொலைக்காக இதுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஐன் அல்-ஹில்வே முகாமில், தகப்பனார் பக்கத்தில் தன்னை அடக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த லெபனானுக்கு உடலைக் கொண்டுபோக வழியில்லாமல் புரூக்வுட்டில் அடக்கினார்கள். அவர் விட்டுப்போன சித்திரங்கள் 40,000 என்று கணக்குச் சொல்வார்கள்.

உசேன் கதை வேறு மாதிரி. அவருக்கு நாடு இருந்தது. பத்ம விபூஷண் பட்டமும் மாநிலங்களவை உறுப்பினர் பதவியும் கொடுத்த நாடு. பண்டரிபுரத்தில் பிறந்து இந்தோரில் வளர்ந்து, பம்பாயில் சினிமாப் பேனர் வரைந்து மேலேறியவர். அந்தப் பேனர் பித்து கடைசிவரை அவரை விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் சென்னைத் தெருக்களில் ராட்சச சினிமாக் கட்அவுட்டுகளையும் அவற்றின் காலடியில் நடமாடும் மனிதர்களையும் புகைப்படமெடுத்து ஒரு தொடராகவே ஆக்கினார். வண்ணம் பூசிய கதாநாயகனின் பிரம்மாண்டமான முகம், கீழே சைக்கிள் தள்ளிக்கொண்டு போகிறவர், கட்டைவண்டி, டீக்கடை; நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் கடந்த சென்னை அது. டிஜிட்டல் பேனர் வந்து கையால் வரையும் கலை அழிந்துபோன இன்றைக்கு, அந்தப் படங்கள் அரிய ஆவணங்கள்.

1990களில் இந்துத் தெய்வங்களை நிர்வாணமாக வரைந்ததாக வழக்குகள் தொடங்கின. ஊர் ஊராகப் பெருகின. கண்காட்சிகள் தாக்கப்பட்டன, வீட்டுக்குள் புகுந்து சேதம் செய்தார்கள். 2006இல் நாட்டைவிட்டு வெளியேறி துபாயிலும் லண்டனிலும் வாழ்ந்தார். 2008 மே 8 அன்று டெல்லி உயர்நீதிமன்ற நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் அவர்மீதிருந்த ஆபாசக் குற்றச்சாட்டுகளை ரத்து செய்தார். தொண்ணூறு வயது ஓவியர் தன் வீட்டில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க வேண்டியவர் என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. தமிழ் வாசகருக்கு இந்த நீதிபதியைத் தெரியும். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக 2016 ஜூலை 5 அன்று பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் தீர்ப்பளித்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். பெருமாள்முருகன் மறுபடி எழுத வந்தார். உசேனுக்குத் தீர்ப்பு கிடைத்தது. தைரியமாகத் திரும்பி வரும் சூழல் கிடைக்கவில்லை.

2010 பிப்ரவரியில் கத்தார் அவருக்குக் குடியுரிமை வழங்கியது. கேட்காமலே கொடுத்தது. அந்தச் செய்தியைத் தன் கையால் குதிரைக் கோட்டோவியத்தோடு எழுதி அனுப்பினார். சென்னையிலிருந்து வெளியாகும் 'தி இந்து' அதை உலகுக்கு அறிவித்தது. இந்தியச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஒப்பாததால், தோஹாவின் இந்தியத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தார். குடியுரிமையை எளிதில் தராத வளைகுடா நாடொன்று அதை ஓர் இந்திய ஓவியருக்குத் தந்தது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தத் தாராளம் எல்லோர் மீதும் ஒரேபோல் விழவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். எண்ணெய் வந்து பாலைவன வாழ்க்கையைச் சிதைத்த கதையை 'உப்பு நகரங்கள்' என்ற ஐந்து பாக நாவலாகப் பின்னாளில் எழுதிய அப்துல் ரஹ்மான் முனீஃபின் குடியுரிமையைச் சவூதி அரேபியா 1963இலேயே பறித்துவிட்டது. அவர் 2004இல் டமாஸ்கஸில் இறந்தார். சொந்தக்காரருக்கு ஒரு வளைகுடா நாட்டில் இல்லாமல்போன இடம், வெளியூர்க் கலைஞருக்கு இன்னொன்றில் கிடைத்தது.

கத்தார் அரச குடும்பத்தின் ஷேக்கா மோஸாவின் ஆதரவில் அரபு நாகரிகத்தின் வரலாற்றை 99 ஓவியங்களாகத் தீட்ட உசேன் தொடங்கினார், முடிப்பதற்குள் காலமானார். கண்ணாடிக் குதிரைகளும் பழங்காலக் கார்களும் கொண்ட அவருடைய நிறுவல் படைப்பு 2019 டிசம்பரில் தோஹாவின் கல்வி நகரில் திறக்கப்பட்டது. 2025 நவம்பரில் அதே வளாகத்தில் அவருக்கென்றே 'லவ்ஹ் வ கலம்' அருங்காட்சியகம் திறந்தார்கள். கட்டிடத்தின் வடிவத்துக்கு உசேன் வரைந்து வைத்த ஒரு கோட்டோவியமே மூலம். ஆக, வீடு தோஹாவில், கல்லறை சர்ரேயில், பிறந்த மண் மகாராஷ்டிரத்தில். செருப்புப் போடாமல் உலகம் சுற்றியவர் அவர், ஹன்ழலாவும் வெறுங்காலன்தான்.

ஸாஹா ஹதீத் 1950இல் பாக்தாதில் பிறந்தார். 2004இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றபோது அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். 2016 மார்ச் 31 அன்று மியாமியில் மாரடைப்பால் இறந்தவரைப் புரூக்வுட்டில் தகப்பனாருக்கும் அண்ணனுக்கும் நடுவில் அடக்கினார்கள். தகப்பனார் முஹம்மத் ஹதீத் ஈராக்கின் நிதி அமைச்சராக இருந்தவர். மூவரில் சொந்தங்களுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது ஸாஹாவுக்குத்தான். அதுகூட ஒரு குடும்பமே நாடிழந்ததன் அடையாளம்.

ஷேக் ஸாயித் பாலம் 2010இல் திறந்தது. 842 மீட்டர் நீளம். இரண்டு பக்கமும் சமமாக எழுந்து இறங்கும் வளைவுகள் கிடையாது; மணல்மேடுகள் போலக் கூடியும் குறைந்தும் அலைந்து போகிறது எஃகு. ஊருக்குள் வண்டியோட்டி வருகிற தமிழ் டிரைவருக்குத் தெரிந்த பாலம்தான் அது. ஷார்ஜாவின் பீஆ தலைமையகம், துபாயின் ஓப்பஸ், ரியாத்தின் எண்ணெய் ஆய்வு மையமான கப்ஸார்க் ஆகிய மூன்றும் அவர் அலுவலகம் வடிவமைத்தவை. முத்துக்குளிப்போர் ஓட்டிய பாய்மரப் படகின் வடிவை அல்-வக்ரா கால்பந்து மைதானத்துக்குக் கொடுத்தார். 2014 பிப்ரவரியில் கத்தார் கட்டுமானத் தொழிலாளர் மரணங்களைப் பற்றிக் கேட்டபோது, அது அரசு கவனிக்க வேண்டியது, கட்டிடக் கலைஞருக்கு அதில் அதிகாரமில்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அவர் மைதானத்திலேயே ஆட்கள் செத்ததாக எழுதிய அமெரிக்க விமர்சகர் ஒருவர், அங்கே வேலையே தொடங்கவில்லை என்று தெரிந்து மன்னிப்புக் கேட்டார். அந்த விவகாரத்தில் ஸாஹாவின் பக்கம் நியாயம் இருந்தது. அந்தப் பதிலை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பெயர் பொறிக்கப்படுகிற கலைஞர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெயர் பொறிக்கப்படாத ஆயிரமாயிரம் பேருக்கு அது வலு சேர்த்திருக்கும்.

அந்தப் பெயரில்லாதவர்களின் கடைசிப் பயணம் வேறு. துபாயில் நம்மூர்த் தொழிலாளி இறந்தால், இறப்புச் சான்றிதழ், போலீஸ் அனுமதி, கம்பெனி விசாவை ரத்து செய்வது, துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட் ரத்து என்று காகிதங்கள் ஓடும். உடல் முஹைஸ்னாவில் உள்ள எம்பாமிங் மையத்துக்குப் போகும். நம்மவர்கள் சோனாப்பூர் என்று சொல்கிற பகுதி அது. பிறகு கார்கோ. 2019 ஜனவரியில் ஏர் இந்தியா ஒரே கட்டணமாக மாற்றும்வரை, பெட்டியை எடைபோட்டுத்தான் பணம் வாங்கினார்கள். தமிழ் முஸ்லிம்கள் பலர் அங்கேயே ஜனாஸா தொழுது அடக்கிவிடுவார்கள். இறந்த இடத்தில் தாமதமின்றி அடக்குவதே நபிவழி என்பதால் குடும்பமும் ஒப்பும். உசேன் இறந்த மறுநாளே அடக்கமானதற்கும் இந்த வழக்கமே அடிப்படை.

வளைகுடாவில் கல்லறை கட்டும் மரபு பொதுவாகக் கிடையாது. ரியாத்தின் அல்-ஊத் மையவாடியில் மன்னர்களே பெயர் பொறிக்காத மண்மேட்டுக்குள்தான் இருக்கிறார்கள். 2015இல் மன்னர் அப்துல்லாவும் அப்படித்தான் போனார். ஆகவே எழுத்தாளர் கல்லறை, ஓவியர் கல்லறை என்று தேடிப் போய் மாலை போடுகிற பழக்கத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அது குறை இல்லை. இறப்பில் எல்லோரும் சமம் என்ற நம்பிக்கையின் வெளிப்பாடு. ஆனால் நினைவு கல்லில் நிற்காத இடத்தில் அது அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் பாடப்புத்தகத்திலும்தான் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த வேலையைச் செய்தார்களா என்று கேட்பது நியாயம்.

குவைத் ஒரு கலைஞனை எப்படி வழியனுப்ப முடியும் என்பதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. நவீன அரபுக் கவிதையின் போக்கை மாற்றியவர்களில் ஒருவரான ஈராக்கியக் கவிஞர் பத்ர் ஷாகிர் அல்-ஸய்யாப், 1953இல் அரசியல் காரணங்களுக்காகத் தப்பி வந்து குவைத்தில் தங்கியவர். உடல் செயலிழந்து, கையில் காசில்லாமல் மீண்டும் அங்கே வந்து, 1964 டிசம்பர் 24 அன்று அரசு மருத்துவமனையில் இறந்தார். அவருக்குச் சிகிச்சை கிடைக்கப் பாடுபட்ட குவைத் கவிஞர் அலி அல்-ஸப்தியே உடலை எல்லை தாண்டி பஸ்ராவுக்குக் கொண்டுபோனார். ஸுபைரில் ஹசன் அல்-பஸ்ரி மையவாடியில் அடக்கம் நடந்தது. ஒரு கவிஞர் இன்னொரு கவிஞரைச் சொந்த மண்ணுக்குக் கொண்டு சேர்த்தார்.

ஆட்சியாளர்களுக்கு இந்தச் சலுகை தாமதமாகவேனும் கிடைத்துவிடுகிறது. ஓமனின் சுல்தான் ஸயீத் பின் தைமூர், 1970இல் மகனால் பதவியிழந்து லண்டன் ஓட்டலில் வாழ்ந்து, 1972இல் இறந்தபோது புரூக்வுட்டில்தான் அடக்கமானார். பின்னர் அவர் எச்சங்களை எடுத்து மஸ்கட்டின் அரச மையவாடியில் சேர்த்தார்கள்.

நாஜி அல்-அலியின் உடலை எடுத்துவரச் சொல்லவில்லை. அவர் கேட்ட இடம் குவைத்தும் இல்லை. ஆனால் ஹன்ழலா முதலில் அச்சான 1969 'அல்-ஸியாஸா' இதழ்களும், 1983 முதல் 1985 வரையிலான 'அல்-கபஸ்' பக்கங்களும் குவைத்தின் வரலாறு. உசேனுக்குக் கத்தார் ஒரு வீட்டைக் கட்டிவிட்டது. இந்தப் பக்கங்களை ஒழுங்குபடுத்தி, யாரைக் கேலி செய்தார், எதனால் வெளியேற்றப்பட்டார் என்ற விவரத்தையும் மறைக்காமல் போட்டு, குவைத்தின் பொதுக் கூடமொன்றில் மக்கள் பார்க்க வைப்பதற்கு அத்தனை செலவுகூட ஆகாது.